கல்லீரல் அறுவையும் கணிப்பொறியின் கணிப்பும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – புள்ளியியல்)

அச்சம் எல்லை மீறும்போது ‘ஈரக்குலை நடுங்கிப் போச்சு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் உடற்கூற்றியல் பயின்றவர்கள் அல்லர். ஆயினும், உயிரின் வேர் பிடித்திருக்கும் இடங்களுள் ஈரலும் ஒன்று என்பதை எவ்வாறோ உணர்ந்திருந்தனர் போலும்.

வலப்புற விலா எலும்புகளின் மறைவில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். குடல் உறிஞ்சிய உணவுச் சத்தைச் சுமந்து வரும் குருதி முதலில் இதனிடம்தான் வந்து சேர்கிறது. சத்தைப் பிரித்துச் சேமித்தல், நஞ்சை முறித்தல், பித்தநீர் சுரத்தல், குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குதல் என இதன் பணிகள் பல. நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டர் அளவு குருதி பாயும் உறுப்பு இது. கத்தி பட்டால் பெருகும் குருதியை நிறுத்துவது எளிதன்று. அதனால்தான் அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் இதனைத் தொடவே தயங்கினர்.

ஆனால் மற்ற உள்ளுறுப்புகளுக்கு வாய்க்காத ஓர் இயல்பு ஈரலுக்கு உண்டு. அது மீண்டும் வளரும். கழுகு கொத்தித் தின்னத் தின்ன வளர்ந்த புரோமித்தியசின் ஈரலைப் பற்றிக் கிரேக்கர் கதை கட்டினர். 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை வெட்டியெடுத்து, எஞ்சிய பகுதி பருத்துப் பழைய அளவை எட்டுவதைக் காட்டினர். வெட்டிய மடல் மீண்டும் முளைப்பதில்லை; மிச்சமிருக்கும் பகுதியே பெருக்கிறது. நலமான ஈரலில் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினாலும் மனிதன் பிழைக்கலாம் என்பர். புற்றுநோய் மருந்துகளால் நலிந்த ஈரலாயின் நூற்றுக்கு முப்பதும், இறுகிச் சுருங்கிய ஈரலாயின் நாற்பதும் வேண்டும்.

இந்த இயல்பை நம்பி நடந்த ஓர் அறுவையில் நம் காஞ்சிக்கும் பங்கு உண்டு. 1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிறவியிலேயே பித்தக் குழாய்கள் அமையாத, இரண்டு வயதும் நிரம்பாத ஒரு குழந்தைக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பொருத்தினார்கள். தில்லியில் நடந்த அதுவே இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அறுவை. அக்குழந்தை காஞ்சிபுரத்துக் குழந்தை. பின்னாளில் அவர் மருத்துவமே படித்து மருத்துவரானார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ரங்கபாஷ்யம் இரைப்பை, குடல் அறுவைக்கெனத் தனித் துறை கண்டு பலரைப் பயிற்றுவித்தார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று அறுவை நடந்திருக்கிறது. ஆகவே ஈரலில் கத்தி வைப்பது இன்று நமக்கு எங்கோ அயல்நாட்டில் கேள்விப்படும் செய்தியன்று.

புள்ளியியல் மாணவனாகிய எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காஞ்சிக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில், சம்பந்தர் பாடிய மாகறல் எங்கள் ஊர். என் பெரியப்பா பட்டுத் தறி நெய்பவர். ஈரலில் ஒரு கட்டி கண்டு, வலப்பக்கத்தில் ஒரு பகுதியை எடுக்க வேண்டுமென்று சென்னை மருத்துவமனை ஒன்றில் முடிவு செய்தார்கள். உடன் சென்றவன் நான். அறுவைக்கு முன் அந்த மருத்துவர் பொறுமையாக அமர்ந்து, இவரைப் போன்ற நூறு பேருக்குச் செய்தால் தொண்ணூறு பேர் பெரிய தொல்லையின்றித் தேறி விடுவர் என்று விளக்கினார். பெரியப்பா சற்று யோசித்துவிட்டு, “சார், நூத்துல தொண்ணூறுன்றீங்க. நான் அந்தத் தொண்ணூறுல வருவனா, பத்துல வருவனா?” என்றார். மருத்துவர் சிரித்தார். “அது தெரிஞ்சா நான் ஏன் பெரியவரே நூறு பேர் கணக்கு சொல்லப் போறேன்?” என்றார்.

இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் அங்கே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அந்த நூறு பேர் யார்? கணிப்பொறியைக் கொண்டு அறுவைக்குப் பின் வரும் இடர்களை முன்னறியும் கலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்பது என் துணிபு.

முதலில் இடர்கள் யாவை என்று பார்ப்போம். குருதிக் கசிவு ஏற்படலாம். வெட்டிய முகத்திலிருந்து பித்தநீர் ஒழுகலாம். சீழ் கட்டலாம், வயிற்றில் நீர் கோக்கலாம், சிறுநீரகம் சோரலாம். எல்லாவற்றினும் கொடியது, எஞ்சிய ஈரல் சுமை தாங்காமல் செயலிழப்பது. (பெரியப்பாவுக்குப் பித்தநீர் ஒழுகியது. மூன்று வாரம் குழாயோடு படுத்திருந்தார். பிறகு அது தானே அடைபட்டது.) இவை எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்பது முன்னரே தெரிந்தால், அவர் படுக்கையருகே கூடுதலாக ஒரு செவிலியரை நிறுத்தலாம். வெட்டும் அளவைக் குறைக்கலாம். சில வாரம் பொறுத்து, எஞ்சப் போகும் பகுதியை முதலில் பருக்கச் செய்துவிட்டுப் பின்னர் வெட்டலாம்.

கணிப்பொறி வருமுன்னும் மருத்துவர்கள் கணித்தே வந்தனர். 1964-இல் சைல்டு, டர்கோட் என்ற இருவர் ஐந்து செய்திகளைக் கொண்டு ஈரல் நோயாளிகளைத் தரம் பிரித்தனர். அவற்றுள் ‘உடல் ஊட்டம்’ என்ற ஒன்று, பார்ப்பவர் கண்ணுக்கேற்ப மாறக்கூடியது. 1973-இல் லண்டனில் பியூ முதலியோர் அதை நீக்கிவிட்டுக் குருதி உறையும் நேரத்தைச் சேர்த்து, ஐந்து முதல் பதினைந்து வரை மதிப்பெண் வழங்கினர். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. சப்பானில் மக்கூச்சி என்ற பேராசிரியர் வகுத்த முறை இன்னும் சுவையானது. பச்சை நிறச் சாயம் ஒன்றை நரம்பில் செலுத்திப் பதினைந்து நிமிடம் கழித்துக் குருதியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். வயிற்றில் நீர் உண்டா, பிலிருபின் மிகுந்துள்ளதா என்று முதலில் கேட்டு, இல்லையெனில் சாயத்தின் அளவைப் பார்ப்பார்கள். நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாயின் வலப்பாதி முழுவதையும் எடுக்கலாம். நாற்பதை எட்டினால் கட்டியை மட்டும் தோண்டியெடுக்க வேண்டும். கேள்வி, கிளை, மறு கேள்வி, மறு கிளை என்று விரியும் இம்மரத்தை மறவாதீர்கள். இதனையே கணிப்பொறியும் பின்னர் வளர்க்கப் போகிறது.

2005-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 775 அறுவைகளை ஆராய்ந்து எளிய விதியொன்றைக் கண்டனர். அறுவை முடிந்த ஐந்தாம் நாள், குருதி உறைதிறன் பாதிக்குக் கீழும், பிலிருபின் ஐம்பது மைக்ரோமோலுக்கு மேலும் இருந்தால், அத்தகையோரில் நூற்றுக்கு 59 பேர் இறந்தனர். மற்றவரிடையே அது ஒன்றேகால் அளவே. இரண்டே எண்கள்! ஆனால் ஒரு குறை. ஐந்தாம் நாள் வரை காத்திருக்க வேண்டும். வெள்ளம் முழங்காலைத் தொட்ட பின் எச்சரிக்கை மணி அடிப்பதைப் போன்றது அது. அறுவைக்கு முன்பே, அல்லது முதல் நாள் இரவிலேயே சொல்ல முடியுமா என்பதுதான் கணிப்பொறியிடம் நாம் கேட்பது.

கணிப்பொறி எவ்வாறு கற்கிறது? தறி உள்ள வீட்டாருக்கு இதைச் சொல்வது எளிது. ஜக்கார்டு பெட்டியின் மேல் அட்டைகள் கோவையாகத் தொங்கும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். இவ்வாறே மாங்காயும் அன்னமும் முந்தானையில் பூக்கின்றன. 1804-ஐ ஒட்டிப் பிரான்சில் பிறந்த இந்த அட்டை முறையே பிற்காலத்துக் கணிப்பொறிகளுக்கும் வழிகாட்டியது. ஆணையை மனிதன் துளையிட்டுத் தருவான். எந்திரம் அப்படியே செய்யும். எந்திரக் கற்றலில் இம்முறை தலைகீழாகிறது. அட்டையை நாம் வெட்டித் தருவதில்லை. நெய்து முடித்த ஆயிரம் சேலைகளை எதிரே விரித்து, ‘இவற்றுக்குரிய அட்டையை நீயே வெட்டிக்கொள்’ என்கிறோம்.

இங்கே சேலை என்பது பழைய நோயாளி. அவருடைய வயது, குருதிப் பரிசோதனைகள், ஊடுகதிர்ப் படத்தில் கண்ட ஈரலின் பருமன், வெட்டிய அளவு, இழந்த குருதி ஆகியவற்றோடு, இறுதியில் இடர் வந்ததா இல்லையா என்ற விடையையும் கொடுக்கிறோம். மக்கூச்சி தம் அனுபவத்தால் வகுத்த மரத்தைப் போலவே எந்திரமும் எந்தக் கேள்வியை முதலில் கேட்டால் இடர் வந்தோரும் வராதோரும் நன்கு பிரிவர் என்று கணக்கிட்டு மரம் வளர்க்கிறது. ஒரே மரம் ஏமாற்றிவிடக் கூடும். எனவே நோயாளிகளையும் கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து, அவற்றின் வாக்கை எண்ணும் முறையை 2001-இல் பிரைமன் என்ற அமெரிக்கப் புள்ளியியலார் விளக்கினார். காடு என்றே அதற்குப் பெயர். (நம் துறைக்காரர் ஒருவர் செய்தது என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.)

கற்றதைச் சோதிக்க வேண்டுமன்றோ? விளக்கவுரை நூலை வரிவிடாமல் மனப்பாடம் செய்த மாணவன், வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டால் விழிப்பதை நாம் அறிவோம். சிலர் அனுபவித்தும் இருப்போம். கணிப்பொறியும் பழைய நோயாளிகளை மனப்பாடம் செய்துவிடும். ஆதலால் அது கண்டிராத நோயாளிகளைக் கொண்டே, அதிலும் வேறு மருத்துவமனையின் நோயாளிகளைக் கொண்டே தேர்வு வைக்க வேண்டும். வினாத்தாள் முன்கூட்டியே கசிவதும் இங்கு உண்டு. சீழ் பிடிக்குமா என்று கணிக்கப் புகுந்து, ஆறாம் நாள் கொடுத்த சீழ்முறி மருந்தையும் தரவில் சேர்த்துவிட்டால் எந்திரம் நூற்றுக்கு நூறு வாங்கும். அதில் என்ன வியப்பு?

‘எங்கள் எந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொல்கிறது’ என்று விளம்பரம் வந்தாலும் உடனே மயங்கிவிடக் கூடாது. நூற்றில் ஐவருக்கே ஈரல் செயலிழக்கும் என்று வைத்துக் கொள்வோம். எவரைப் பார்த்தாலும் ‘உமக்கு ஒன்றும் வராது’ என்று சொல்லும் கிளி சோதிடனும் தொண்ணூற்றைந்து மதிப்பெண் பெற்றுவிடுவான்!

கணக்கை முழுமையாகவே போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேருக்கு அறுவை நடக்கிறது; ஐம்பது பேருக்கு ஈரல் செயலிழக்கப் போகிறது. எந்திரம் நல்ல எந்திரம். அந்த ஐம்பதில் நாற்பது பேரைக் கண்டுபிடித்து விடுகிறது. நலமாக இருக்கப் போகும் 950 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 95 பேரைத் தவறாக எச்சரிக்கிறது. ஆக எச்சரிக்கை பெற்றோர் 135 பேர். அவர்களுள் உண்மையில் இடருக்கு ஆளாவோர் நாற்பதே. மூவரில் இருவருக்கு ஒன்றும் நேராது.

இது நல்லதா, கெட்டதா? விடை எந்திரத்திடம் இல்லை. 135 பேரையும் மேலும் ஓர் இரவு தீவிரக் கண்காணிப்பில் வைத்து, காலையும் மாலையும் குருதி பார்ப்பதாயின், நாற்பது உயிர்களுக்காக 95 பேருக்குச் சிறு செலவும் சிறு தொல்லையும். இது மிக நல்ல பேரம். ஆனால் அதே பட்டியலைக் காட்டி, ‘இடர் மிகுதி, அறுவை வேண்டாம்’ என்று 135 பேரையும் திருப்பியனுப்பினால்? கட்டியை வெட்டியெடுப்பதே பிழைக்க வழி என்றிருக்கும் நோயாளிகளில், தேறியிருக்கக் கூடிய 95 பேரை நாமே நோயின் கையில் ஒப்படைத்தவர்கள் ஆவோம். எண் ஒன்றே, ஒரு வார்டில் அது காவல், மற்றொரு வார்டில் அது தீர்ப்பு. தங்கள் இறப்பு விகிதம் குறைவாகத் தெரிய வேண்டுமென்று கடினமான நோயாளிகளைத் தட்டிக் கழிக்கும் ஆவல் எங்கும் எழக்கூடியது. அந்த ஆவலுக்குக் கணிப்பொறி ஓர் அழகான சாக்காகிவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

இனி, அந்த நூறு பேருக்கு வருவோம். ஈரல் அறுவைக்கென வெளிவந்துள்ள எந்திரங்கள் பெரும்பாலும் சீனா, சப்பான், கொரியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நோயாளிகளிடம் கற்றவை. சீனத்தில் ஈரல் புற்றுநோய்க்கு மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியே முதற்காரணம். நம்மிடையே அக்கிருமியோடு மதுவும், கொழுப்பேறிய ஈரலும் சேர்ந்துகொள்கின்றன. நோயின் வழி மாறினால் ஈரலின் தாங்கும் திறனும் மாறுமன்றோ?

பிறந்த இடத்தில் நன்றாக நடந்த எந்திரம் வேறிடத்தில் தடுமாறியதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். குருதியில் நச்சேறும் செப்சிஸ் என்ற நிலையை முன்னறிய, அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் வைத்திருந்த ஒரு கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். அது செப்சிஸ் கண்டோரில் மூன்றில் இருவரைத் தவறவிட்டது. அதே வேளையில், அனுமதிக்கப்பட்ட நூற்றில் பதினெண்மருக்கு மணி அடித்தது. ஓயாமல் அடிக்கும் மணியைச் செவிலியர் எத்தனை நாள்தான் திரும்பிப் பார்ப்பர்?

இன்னொரு நிகழ்ச்சி நுட்பமானது. 1990-களில் பிட்ஸ்பர்க்கில் நிமோனியா நோயாளிகளின் பழைய ஏடுகளைக் கொண்டு, யாருக்கு இறக்கும் வாய்ப்பு மிகுதி என்று எந்திரங்களுக்குக் கற்பித்தனர். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து குறைவு என்று அவற்றுள் ஒன்று கற்றுக்கொண்டது! ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவரை மருத்துவர்கள் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவிற்கு அனுப்பியிருந்தனர். அதனாலேயே அவர்கள் பிழைத்தனர். மருத்துவரின் கவனிப்பை நோயாளியின் இயல்பென்று எந்திரம் எண்ணிவிட்டது. அது விதிகளை வெளிப்படையாகக் காட்டும் எந்திரமாதலால் பிழை கண்ணில் பட்டது. உள்ளே நடப்பதைக் காட்டாத எந்திரமாயின் அப்படியே வார்டுக்குள் நுழைந்திருக்கும்.

மெல்டு என்ற மதிப்பெண்ணின் கதையும் இதனோடு சேர்த்துச் சொல்லத் தக்கது. அமெரிக்காவில் 2002 முதல், கல்லீரல் தானத்திற்குக் காத்திருப்போருள் யாருக்கு முதலில் என்று முடிவு செய்வது இம்மதிப்பெண். அதில் ஒரு கூறு கிரியேட்டினின். இது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் பழுதானால் குருதியில் ஏறும். பெண்களுக்குத் தசை குறைவு. எனவே ஆணுக்கு நிகராகச் சிறுநீரகம் கெட்டிருந்தும் பெண்ணின் எண் குறைவாகவே வரும். வரிசையில் பின்னே தள்ளப்படுவாள். இதைக் கண்டு திருத்திய புதிய மதிப்பெண் நடைமுறைக்கு வந்தது 2023-இல்தான். அதில் பெண்களுக்கு 1.33 கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறு எண்ணில் ஒளிந்திருந்த அநீதி! நாள் முழுதும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, மெலிந்த உடம்போடு முதுமை எய்தும் எங்கள் ஊர் நெசவாளிக்கும் கிரியேட்டினின் குறைவாகத்தானே காட்டும்?

ஆகவே நம் எந்திரம் நம் நோயாளிகளிடம் கற்க வேண்டும். குறைந்தது, நம் நோயாளிகளிடம் தேர்வெழுத வேண்டும். அதற்கு ஏடுகள் வேண்டும். அரசு மருத்துவமனை ஏட்டைப் பார்த்தவர்க்குத் தெரியும்: நெருக்கடியான வார்டில், நடு இரவில், நின்றுகொண்டே எழுதப்பட்டவை அவை. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதுவும் பேசும். ஐந்தாம் நாள் குருதி பார்க்கவில்லை என்றால், நோயாளி நலமாக வீடு சென்றிருக்கலாம். அல்லது பரிசோதனைக் கருவி அன்று பழுதாகியிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிச் சராசரியை இட்டு நிரப்பினால், கணிப்பொறி பொய்யைக் கற்கும்.

இவற்றினும் பெரிய வெறுமை ஒன்று உண்டு. ஈரல் அறுவையின் விளைவைத் தொண்ணூறு நாள் வரை பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழக்கு. பத்தாம் நாள் வீடு சென்றவர் நாற்பதாம் நாள் காமாலை முற்றி இறந்தால், அது சென்னையில் உள்ள ஏட்டில் ஏறுவது எப்படி? மறுபரிசோதனைக்கு அவர் வரவில்லை, அவ்வளவே. மாகறலிலிருந்து காஞ்சிக்கும், காஞ்சியிலிருந்து சென்னைக்கும் சென்று திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். வராதவரை ‘நலம்’ என்று எண்ணிக்கொள்ளும் எந்திரம், ஏழை நோயாளிகளுக்கு இடரே வருவதில்லை என்று கற்கும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. 2021 முதல் நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை வழங்குகின்றனர். ஈரல் அறுவை முடிந்து ஊர் திரும்பியவரின் பெயரையும் அவர் பட்டியலில் சேர்த்து, முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் மூன்றே கேள்வி கேட்கச் சொல்லலாம். கண் மஞ்சளாக இருக்கிறதா? வயிறு உப்பியிருக்கிறதா? மீண்டும் எந்த மருத்துவமனையிலாவது சேர்ந்தாரா? விடையைக் கைப்பேசியில் பதிந்து, அறுவை நடந்த மருத்துவமனைக்கு அனுப்ப ஐந்து நிமிடம் ஆகும்.